கன்னம் சிவந்தவை இரண்டு

பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழியான சாலமண்டரைப் பார்த்ததும் பெயர் சொல்வதுதான் வேலை என்று நினைத்துக் கணக்கெடுப்புக்குப் போனேன். எங்கள் ஆசிரியர், ஓய்வுபெற்ற உயிரியலாளர், முதலில் பழக்கியதோ கல் புரட்டுவதை. எதிர் ஓரத்தைப் பிடித்து நம் பக்கமாகத் தூக்க வேண்டும்; அடியில் பாம்பு இருந்தால் நடுவில் கல் இருக்கும். பார்த்து முடித்ததும் கல்லை அதே பள்ளத்தில் அமர்த்தி, அதன்பிறகே சாலமண்டரை ஓரத்தில் விட வேண்டும். அது தானாக உள்ளே நுழைந்துகொள்ளும். முதலில் அதை விட்டு, மேலே கல்லை வைத்தால் நசுங்கிவிடும்.

இதெல்லாம் அமெரிக்காவில், டென்னசி, வட கரோலினா எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில். கணக்கெடுப்புக்கு அனுமதி வாங்கியவர்கள் மட்டுமே அங்கே கல்லைத் தொடலாம். சுமார் 30 வகை சாலமண்டர்கள் உண்டு, 5 செ.மீ. நீளப் பிக்மி முதல் 70 செ.மீ.யைத் தாண்டும் ஹெல்பெண்டர் வரை. பெரும்பாலானவற்றுக்கு நுரையீரலே கிடையாது. ஈரத்தோலும் வாயின் உட்சவ்வும்தான் மூச்சு. அதனால் கொசு மருந்தோ சன்ஸ்கிரீனோ தடவிய கையோடு யாரும் கிட்டே வரக்கூடாது. ஓடையில் நனைத்த கையால் எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்ட பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் பார்ப்போம். ஓர் ஓடையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் பூட்ஸைப் பிளீச் கரைசலில் கழுவ வேண்டும். ஐரோப்பாவில் சாலமண்டர்களைக் கொன்ற தோல் பூஞ்சை 2013இல் அடையாளம் காணப்பட்டதிலிருந்து இந்த எச்சரிக்கை இன்னும் கூடியிருக்கிறது. எனக்கு அலுப்பூட்டும் வேலை, ஆனாலும் விட்டதில்லை.

என்னை அதிகம் பிடித்து வைத்தது செங்கன்னச் சாலமண்டர். கரும் உடல், கன்னத்தில் குங்குமம் அப்பியதுபோல் சிவப்பு. இந்தப் பூங்காவையும் அதை ஒட்டிய இடங்களையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. கையில் எடுத்தால் வாலிலிருந்து பசை கசிந்து விரலில் ஒட்டும். சுவை பிடிக்காமல் பறவைகள் ஒதுக்கிவிடும். அதே மலையில் இன்னொன்று, பசையெல்லாம் இல்லாமலே கன்னத்தை மட்டும் சிவக்க வைத்துக்கொண்டு பிழைக்கிறது. இமிடேட்டர், அதாவது போலி, என்றே அதற்குப் பெயர்.

பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஆசிரியர் சொன்னார்: "நிறத்தை மற. கண்ணைப் பார், காலைப் பார்." போலியின் கண்ணிலிருந்து தாடை மூலைக்கு ஒரு வெளிர்க்கோடு சாய்வாக இறங்கும். பின்னங்கால் முன்னங்காலைவிடத் தடிமனாக இருக்கும். விட்டால் எம்பிக் குதித்துவிடும். செங்கன்னத்துக்குக் கோடு கிடையாது, நான்கு காலும் ஏறக்குறைய ஒரே பருமன். பழகிய பிறகு கன்னம் கண்ணில் படுவதற்குள் கால் பட்டுவிடுகிறது.

போலிகளில் எல்லாவற்றுக்கும் கன்னம் சிவப்பதும் இல்லை. சில மஞ்சள், சில வெறும் கறுப்பு. வயதானவற்றில் அந்தக் கோடும் மங்கிவிடும். அப்படி ஒன்று வந்தால், பக்கத்து ஓடையில் வாழும் அதன் உறவினத்திலிருந்து பிரித்தறிவது ஆசிரியருக்கே சிரமம். பேரினத்தின் பெயரை மட்டும் எழுதி, இனத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்த கல்லுக்குப் போய்விடுவார். என் ஏட்டிலும் இப்போது அப்படிப்பட்ட கட்டங்கள் நிறைய.