அப்பா போட்ட சிவப்புக் கோடு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு காலேஜ்ல என்ன பாடம் எடுக்குது?" என்று கேட்டார்கள். "இங்கிலீஷ்" என்றார் அப்பா, சட்டென்று. நான் எடுத்தது சினிமா. காபி டம்ளரோடு நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

திரைப்படத் துறைப் பேராசிரியர் என்றால், சம்பளம் கொடுத்துப் படம் பார்க்க வைக்கிறார்கள் என்று இன்றைக்கும் பலருக்கு நினைப்பு. நாங்கள் படம் பார்ப்பதைவிடத் தேடுவதுதான் அதிகம். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். மிஞ்சியவை பாட்டுப் புத்தகங்களும் பத்திரிகை விளம்பரங்களும். பழைய பேப்பர் கடைக்காரர்கள்தான் எங்களுக்குப் பாதி கைடு!

என் முனைவர் பட்டத்துக்கு டூரிங் டாக்கீஸை எடுத்துக்கொண்டேன். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். அங்கே ஆரம்பித்து, புனே திரைப்பட ஆவணக் காப்பகம், பழைய ஆபரேட்டர்களின் வீடுகள் என்று நான்கு வருடம் அலைந்தேன். அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் சினிமாப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுகிற மனிதரிடம் என்ன கேட்பது?

பைண்டிங் செய்த பிரதி ஒன்றைக் கொடுத்தேன். வாங்கி பீரோ மேல் வைத்தார். அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது அது கையில் கிடைத்தது. பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில். கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்த அதே கை. கடினமான ஆங்கிலச் சொற்களுக்கு ஓரத்தில் தமிழ் அர்த்தம் வேறு.

ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகளில் ஓட்டியபோது, ரீல் பெட்டியைக் கொட்டகை ஊழியர்கள் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருந்தேன். அதன் கீழே கோடு. 'தவறு. பள்ளிக்கூடப் பையன்கள். சம்பளம் இல்லை. தரை டிக்கெட் இலவசம்.'

புத்தகத்தோடு திண்ணைக்குப் போனேன்.

"அப்பா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலு மைல்மா. வாடகை சைக்கிள். கேரியர்ல பொட்டியக் கட்டிக்கிட்டு இருட்டுல மிதிக்கணும். கொஞ்சம் லேட்டானா அங்க விசில் பறக்கும். எட்டாங்கிளாஸ்ல ஃபெயிலானேன். உங்க தாத்தா வேப்பமரத்துல கட்டிவச்சு அடிச்சார்."

"அவ்வளவு படம் பார்த்தீங்களாப்பா?"

"எங்க? ஒண்ணைக்கூட முழுசாப் பார்த்ததில்ல. பாதியில பொட்டியோட கிளம்பணும்ல."

செல்போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"என்னது, பதிவு பண்றியா?" என்று பனியனைக் குனிந்து பார்த்தார். "இரு, சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றேன்."