மொட்டைப் பனையில் ஒரு குடித்தனம்

2009இல் போர் முடிந்தபின் ஏ9 வீதியால் ஆனையிறவு தாண்டி வடக்கே வந்தவர்கள், பளை, முகமாலைப் பக்கத்தில் நின்ற தலையிழந்த பனைகளை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வளவும் பளைக்குக் கிட்டத்தான். 2010இல் மீளக்குடியமர்ந்தபோது வீடு இல்லை. கிணறும் ஏழு மொட்டைப் பனைகளுமே மிஞ்சியிருந்தன.

பனைக்கு ஒரே குருத்து. அது ஷெல்லடியில் போனால் மரம் திரும்பத் தழைக்காது. விற்கலாமென்று கேட்டுப் பார்த்தேன். உள்ளே இரும்புத்துண்டு இருந்தால் வாள் பழுதாகும் என்று மரம் அரிபவர் மறுத்துவிட்டார்.

"பட்ட மரம் வளவில நிக்கக்கூடாது பிள்ளை, தறிச்சுப்போடு" என்றா அம்மா. அந்தச் சொல் என்னையும் சுட்டது. அவரை இழந்து அப்போது ஒரு வருடம்தான்.

அடுத்த மாசியில் ஒரு சோடி மரங்கொத்தி வந்தது. பொன்னிற முதுகு, சிவப்புக் கொண்டை. (தெற்கே இவற்றின் இனத்துக்கு முதுகும் சிவப்பு. வவுனியாப் பக்கம் இரண்டும் கலந்த நிறத்திலும் உண்டு.) வெட்டை மணலில் தனியே நின்ற மூன்று பனைகளை அவை தொடவே இல்லை. வேலியோரம் வடலிகளுக்கும் பூவரசுக்கும் நடுவில் நின்ற நான்கில் ஒன்றைத்தான் கொத்தத் தொடங்கின.

ஏனென்று பார்த்திருந்து விளங்கிக்கொண்டேன். பட்ட பனையின் உட்பகுதி மெதுவானது, பொந்து குடைய இலகு. ஆனால் பொந்து மட்டும் போதாது. இரைக்கு எறும்பு ஊரும் மரங்கள் கிட்ட வேண்டும். வல்லூறுக்குத் தப்பி மரத்துக்கு மரம் தாவிப்போக மறைப்பும் வேண்டும். எங்கள் வேலி அயல் வளவின் பனங்கூடல்வரை அவற்றுக்குப் பாதையாக இருந்தது. முட்டை பொரிக்க 11 நாளளவு, குஞ்சு பறக்க மேலும் 20 நாளளவு. அத்தனை நாளும் தாயும் தகப்பனும் அந்தப் பாதையால்தான் இரை கொண்டுவந்தன.

வீடு கட்டும் இடத்தில் விழக்கூடிய மூன்று பனைகளையும் தறித்தோம். வேலியோரத்து நான்கையும் விட்டேன். வேலியில் இடைவெளி இருந்த இடமெல்லாம் பூவரசங் கதியாலும் பனங்கொட்டையும் நட்டோம். மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மறுவருடம் பச்சைக்கிளி குடியேறியது. இன்னொன்று குடைந்த பொந்தும் கிளிக்கு வீடாகும்.

அம்மா பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சகோதரிகளே, வீட்டுக்கு ஆபத்தில்லாத பட்ட மரமென்றால், தறிக்கமுன் ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு கதியாலும் ஊன்றிவிடுங்கள்.