ஆளுக்கொரு சாசனம்

எங்கள் வாசகர் வட்டம் மாதந்தோறும் ஒரு நாவலையோ சிறுகதைத் தொகுப்பையோ எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். அண்மையில் அவ்வழக்கத்தைச் சற்று ஒத்திவைத்து, இந்திய அரசியல் சாசனத்தின் மூன்றாம் பகுதியை வாசித்தோம். 12 முதல் 35 வரையிலான பிரிவுகள். அடிப்படை உரிமைகளைச் சொல்பவை. நாங்கள் ஐவர். எவரும் வழக்கறிஞர் அல்லர். இலக்கியம் பேசுகிறவர்களுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் காலூன்றி நிற்கும் தரை இதுதான் என்பது எங்கள் பதில்.

வாசித்து முடித்ததும், ஈரோட்டுப் பக்கமுள்ள எங்கள் ஊரில், எங்களுக்கு நன்கு பழக்கமான வெவ்வேறு வயதினர் நால்வரிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம். சுதந்திரம் என்று எதைச் சொல்வீர்கள், அது எப்போது உங்கள் கையைவிட்டுப் போயிற்று?

முதலாமவர் எண்பதை நெருங்கும் அச்சுக்கோப்பாளர். ஈய எழுத்துக்களோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். நெருக்கடிநிலை 1975 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டாலும், தமிழகத்தில் அதன் முழு வீச்சு 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகே தெரிந்தது. அதற்கடுத்த மாதங்களில் ஒன்றைத்தான் அவர் நினைவுகூர்ந்தார். ஒரு சிறுபத்திரிகைக்காகக் கவிதையொன்றைக் கோத்து வைத்திருந்தார். அச்சக உரிமையாளர் ப்ரூஃபைப் படித்தார், சிறிது நேரம் பேசாமல் இருந்தார், பிறகு, "பிரிச்சுப் போட்டுருப்பா" என்றார். இவர் எழுத்தெழுத்தாகப் பிரித்து, ககரத்தைக் ககரத்தின் அறையிலும் மகரத்தை மகரத்தின் அறையிலும் போட்டார்.

"போலீசும் வரல, யாரும் மிரட்டவும் இல்ல தம்பி. எழுத்தெல்லாம் கேஸ்லயேதான் இருந்துச்சு. ஒண்ணுகூடத் தொலையல. கவிதையைத்தான் காணோம்."

நெருக்கடிநிலையின்போது 19ஆம் பிரிவின் உரிமைகள் செயலற்றுக் கிடந்ததும், 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காவலில் வைக்கப்பட்டவர்களுக்கு நீதிமன்றத்தை நாடும் வழிகூட இல்லை என்று தீர்ப்பளித்ததும், ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டு எழுதியதும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு தடை வாசலுக்கு வருமுன்பே மனத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்பதை அவர் விரல்கள் அறிந்திருக்கின்றன.

இரண்டாமவர் அறுபதைத் தாண்டிய அம்மையார். சத்துணவுக்கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சுக்கோப்பாளரின் தெருவிலிருந்து அவர் தெரு அதிக தூரமில்லை. எனினும் அங்கிருந்து பார்க்கையில் அதே ஆண்டுகள் வேறு நிறத்தில் தெரிகின்றன. அவர் தந்தை கடனுக்காகத் தோட்டமொன்றில் பண்ணையத்து ஆளாக இருந்தவர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் வந்தது. 1976இல் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. "அந்த வருசந்தானுங்க எங்கப்பன் தோட்டத்தை விட்டு வெளிய வந்தாரு. அது கெட்ட காலமுன்னு நீங்க சொல்லித்தான் கேக்கறேன்" என்றார்.

எங்களில் சிலருக்கு இப்பதில் உடனே செரிக்கவில்லை. ஒருவருக்கு வாய் அடைபட்ட ஆண்டில் இன்னொருவருக்குக் கட்டு அவிழ்ந்திருக்கிறது. இரண்டில் எது மெய் என்று கேட்பதற்கு இடமில்லை, இரண்டும் நடந்தவை. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் பிரிவு 1950 முதலே சாசனத்தில் இருக்கிறது. அதைக் கொத்தடிமைகளின் வாசல்வரை கொண்டுசெல்லும் சட்டத்துக்கு இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. அதனால் பத்திரிகைகளை மௌனமாக்கியதற்கு நியாயம் கிடைத்துவிடாது. 1977இல் நெருக்கடிநிலை முடிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தொடர்ந்தது. 1980களில் உச்ச நீதிமன்றம் ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டு கல்குவாரிக் கொத்தடிமைகளின் வழக்கை விசாரித்தது. ஒருவர் எழுத முடிந்ததால்தான் மற்றவர்களின் கட்டு நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது.

அந்த அம்மையாருக்குச் சுதந்திரத்தின் அளவுகோல் தேநீர்க் கடை. தந்தைக்கு அங்கே தனித் தம்ளர். குடித்த பின் கழுவியும் வைக்க வேண்டும். தமிழகப் பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமையைக் கண்டிக்கும் மூன்று வாக்கியங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை எழுத்துக்கூட்டித் தந்தைக்குப் படித்துக் காட்டியதாகச் சொன்னார். தந்தை, "புஸ்தகத்துல போட்டிருக்குது, கடையில போடலையே" என்றாராம்.

19ஆம் பிரிவு அரசாங்கத்தின் கையைக் கட்டுகிறது. ஆனால் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவும், 17ஆம், 23ஆம் பிரிவுகளும் அரசை மட்டுமல்லாது சக மனிதரையும் நோக்கிப் பேசுகின்றன. கடை, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லியே பேசுகின்றன. பேச்சுரிமையையே சாசனத்தின் உயிர்நாடியாக எண்ணிப் பழகிய எங்களைப் போன்ற வாசகர்கள் விரைவாகத் தாண்டிப்போகும் இடங்கள் இவை.

மூன்றாமவர் எங்களில் ஒருவரின் மகள், இருபத்திரண்டு வயது. அவளிடம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவைப் பற்றிச் சொன்னோம். 2012இல் மும்பைக்கு அருகே பால்கரில், முகநூலில் இட்ட கருத்துக்காக இரண்டு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டதையும், 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே நீக்கியதையும் விவரித்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போலீசுக்கு யார் மாமா பயப்படறாங்க? ஒரு ஸ்கிரீன்ஷாட் பெரியப்பாவுக்குப் போனாப் போதாதா?" என்றாள். அவளுக்கு இரண்டு கணக்குகள். ஒன்று உறவினர் பார்ப்பதற்கு. மற்றது பதினொரு தோழியருக்கு மட்டும்; கவிதை எழுதுவது அதில்தான். 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அத்தீர்ப்பு குடும்ப வாட்ஸப் குழுவுக்குள் எப்போது வந்து சேரும் என்பதுதான் அவள் கேள்வி.

நான்காவது, எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுவன். "என்ன வேணும்னாலும் பேசலாம். ஆனா கெட்ட வார்த்தை பேசக்கூடாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். உரிமையும் அதன் வரம்பும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. சாசனமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரம்புகளில் இரண்டுக்கு நம் மண்ணோடு தொடர்புண்டு. ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை மாகாண அரசு தடைசெய்தது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே முதல் திருத்தத்தின் வழியாகப் 'பொது ஒழுங்கு' வரம்பாக நுழைந்தது. 1963இல் பதினாறாம் திருத்தம் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் சேர்த்தது. திராவிட நாடு கோரிக்கை அதன் பின்னணியில் இருந்தது.

இரண்டாவதாக ஒரு கேள்வியும் எங்களிடம் இருந்தது. அது எங்களையே தொட்டது. 2015 தொடக்கத்தில், பெருமாள்முருகன் எழுத்தாளனாகத் தாம் இறந்துவிட்டதாக அறிவித்த நாட்களில், 'மாதொருபாகன்' குறித்து ஒரு கூட்டம் நடத்த முயன்றோம். வழக்கமாக இடம் தருபவர் மறுத்துவிட்டார். சத்தம் போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் நின்றது. ஆனால் அந்தக் கூட்டம் நடக்காமலே போயிற்று. சிலர் மனம் புண்படும் என்றால் ஒரு கதையைத் தடுக்கலாமா? சிறுவனை விட்டுவிட்டு, மற்ற மூவரிடமும் இதைக் கேட்டோம்.

அச்சுக்கோப்பாளர் தயங்கவே இல்லை. "வரட்டும். பிடிக்காதவன் பதில் எழுதட்டும்."

அம்மையார் சற்று யோசித்தார். "எங்க சாதிப் பேரை வெச்சுக் கேவலமா ஒருத்தன் எழுதுனா, அதுக்கும் பதில்தான் எழுதோணுமுங்களா? எழுதுறதுக்கு எங்கிட்ட அச்சாபீஸா இருக்குது?"

இளம்பெண், "கதை வரட்டும், என் போட்டோ வரக் கூடாது" என்றாள்.

அம்மையாரின் கேள்விதான் எங்களை நெடுநேரம் பேச வைத்தது. பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. அந்த வரம்பு அவருக்குக் கேடயம். அதே ஆண்டு மார்ச்சில், இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்பட வழக்கில், எதிர்ப்பும் கலவர மிரட்டலும் இருக்கின்றன என்பதற்காகக் கருத்தை ஒடுக்கலாகாது, பாதுகாப்புத் தருவதே அரசின் கடமை என்றது உச்ச நீதிமன்றம். படத்தின் கருத்து அம்மையாருக்கு உவப்பாயிராது. ஆயினும் 'மாதொருபாகனை' எரித்த கூட்டத்துக்கு எதிராகவும் பேசும் நெறி அது. ஒரு மனிதரைப் பிறப்பால் தாழ்த்தி அவமதிப்பது வேறு. ஒரு கருத்தோ கதையோ நமக்குக் கசப்பது வேறு. இரண்டையும் 'புண்படுதல்' என்ற ஒரே சொல்லால் அழைக்கும்போது, வலுத்தவரின் புண்ணுக்கே முதலில் மருந்து கிடைக்கிறது. இதில் நாங்கள் ஐவரும் உடன்பட்டோம். பதில் எழுத அச்சகம் இல்லாதவரிடம் பதில் எழுதச் சொல்வதில் உள்ள அநீதிக்கு எங்களிடம் விடை இல்லை. அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பட்ட வாழ்வுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் எச்சரித்தது இவ்விடத்தைத்தான் என்று தோன்றுகிறது.

இக்கட்டுரையை எழுதியதும் உரியவர்களுக்கு வாசித்துக் காட்டினோம். நால்வரும் தத்தம் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். அச்சுக்கோப்பாளர், "பழகிப் போச்சு தம்பி" என்றார். அம்மையாருக்கு, மகன் அதே ஊரில் பிழைக்க வேண்டும். இளம்பெண்ணுக்குக் காரணம் சொல்லத் தேவையிருக்கவில்லை. சிறுவனுக்கு ஆட்சேபணை இல்லை. அவன் தந்தைதான் வேண்டாம் என்றார்.