எத்தனை அணிகள்?



ஐபிஎல் நடைபெறும் மாதங்களில் மாலை ஏழு மணிக்கு நாணயம் சுண்டப்படும். ஏழரைக்கு முதல் பந்து வீசப்படும். இடைப்பட்ட அந்த அரைமணி நேரத்தை நம் ஊர் இளைஞர்கள் சில ஆண்டுகளாக ஒரு தனி வேலைக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக்குளத்தின் கரையிலும் ஆலமரத்தடியிலும் அமர்ந்து, களமிறங்கவிருக்கும் இருபத்திரண்டு பேரின் பெயர்களைக் கைப்பேசியில் பார்ப்பார்கள். அவர்களுள் பதினொருவரைத் தெரிந்துகொள்வார்கள். ஒருவரைத் தலைவராகவும் இன்னொருவரைத் துணைத்தலைவராகவும் குறிப்பார்கள். ஏழரை அடிப்பதற்குள் பணத்தையும் கட்டிவிடுவார்கள். தலைவர் எடுக்கும் புள்ளிகள் இரட்டிப்பாகும். துணைத்தலைவருக்கு ஒன்றரை மடங்கு. இதற்குக் கற்பனை அணி விளையாட்டு என்று பெயர்.

அவர்களுக்குள் எழுந்த பெரிய விவாதம், இந்த விளையாட்டை ஆடலாமா கூடாதா என்பதல்ல. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை அணிகள் போடுவது என்பதே. ஒரே அணியா, ஐந்தா, இருபதா? நம் சபையைச் சேர்ந்த ஒரு வாலிபன், சொந்த உழைப்பில் பிழைக்கும் நல்ல பிள்ளை, ஒருநாள் ஆராதனை முடிந்தபின் என்னிடமே இதைக் கேட்டான்.

"ஐயா, நீங்க காலேஜ்ல கணக்குப் படிச்சவங்கதானே? ஒரு மேட்சுக்கு எத்தன டீம் போட்டா நட்டம் வராது?"

போதகரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று அருகில் நின்ற மூப்பர் முகம் சுளித்தார். எனக்கோ அது நேர்மையான கேள்வியாகவே பட்டது. "வேண்டாம்" என்ற ஒரே சொல்லோடு அனுப்பியிருந்தால், அவன் அதே கேள்வியை ஆலமரத்தடியில் வேறொருவரிடம் கேட்டிருப்பான். ஆகவே ஒரு தாளை எடுத்துவரச் சொன்னேன்.

முதலில் அவன் தரப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் அறிவு இருந்தது. "ஒரு டீம் போட்டா கேப்டன் முதல் பந்துலயே அவுட் ஆனா எல்லாம் போச்சு ஐயா. இருபது டீம் போட்டா ஆளுக்கொரு கேப்டன வச்சு பாத்துக்கலாம்ல?" என்றான். எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்கக்கூடாது என்ற வியாபார நியாயம் இது. வேதத்தை வாசிப்பவர்களுக்குப் பிரசங்கி 11ஆம் அதிகாரத்தின் தொடக்கமும் நினைவுக்கு வரும். என்ன ஆபத்து நேரிடுமோ தெரியாது, ஆகையால் ஏழெட்டுப் பேருக்குப் பகிர்ந்து கொடு என்ற பொருளில் ஞானி அங்கே பேசுகிறார். நானும் அதையே அவனுக்கு நினைவூட்டினேன். ஆனால் அந்த வசனம் கொடுப்பதைப் பற்றியது என்பதையும் சொன்னேன். பலருக்குக் கொடுத்தவனுக்குப் பலரிடமிருந்தும் நன்மை திரும்பிவர இடமுண்டு. இங்கே இருபது பங்குகளும் ஒரே கல்லாப்பெட்டிக்குள்தான் போய்ச் சேருகின்றன.

பிறகு கணக்குக்கு வந்தோம். மாற்று ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, இருபத்திரண்டு பேரிலிருந்து பதினொருவரை எத்தனை விதமாகத் தெரிந்தெடுக்கலாம்? 7,05,432 விதமாக. ஒவ்வொன்றிலும் தலைவரையும் துணைத்தலைவரையும் 110 விதமாகக் குறிக்கலாம். பெருக்கினால் 7 கோடியே 75 லட்சத்து 97 ஆயிரத்து 520. விளையாட்டின் விதிகள் இவற்றுள் பலவற்றை அனுமதிக்கமாட்டா; விவரமுள்ளவன் பொருந்தாத பல கோடிகளைத் தானாகவே தள்ளிவிடுவான். அப்படித் தள்ளிய பின்பும் எஞ்சுவது பெருங்கடல். அந்தக் கடலில் ஒரு குவளைக்குப் பதிலாக இருபது குவளை மொண்டால் கடல் குறைந்துவிடுமா? மேலும், அவனுடைய இருபது அணிகளும் உண்மையில் இருபது அல்ல. பழைய அணிகளைக் கைப்பேசியில் காட்டினான். அவற்றுள் பெரும்பாலானவற்றில் அதே ஏழெட்டுப் பெயர்கள். மாறியவர்கள் மூவரோ நால்வரோதான். அந்த ஏழெட்டுப் பேர் சறுக்கினால் இருபதும் சேர்ந்தே சறுக்கும்.

அடுத்தது பணம். ஓர் அணிக்கு 49 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். திரட்டப்படும் தொகை முழுவதும் பரிசாகத் திரும்புவதில்லை. நடத்துகிறவர் தம் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்வார். அது நூற்றுக்கு இருபது என்று கொள்வோம். சராசரித் திறமையுள்ள ஒருவன் ஓர் அணி போட்டால், நாளடைவில் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய பத்து ரூபாய் இழப்பான். இருபது அணிகள் போட்டால் 980 ரூபாய் கட்டி, சராசரியாக 196 ரூபாய் இழப்பான். அணிகளைப் பெருக்குவதால் இழப்பின் ஏற்ற இறக்கம் மட்டும் சற்றே அடங்கும்; இழப்பு அடங்காது, பெருகும். ஒரு பருவத்துக்கு 74 ஆட்டங்கள். கட்டும் தொகை 72,520 ரூபாய், இழப்பு 14,504. இது கூட சராசரிக்காரனுக்கு. பெரும்பரிசுகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே போவதால், மற்றவர்களின் இழப்பு இதைவிட அதிகமாகவே இருக்கும்.

"அப்ப ஜெயிக்கிறவன் எப்படி ஐயா ஜெயிக்கிறான்?" என்றான். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண நாம் கொஞ்சம் கடல் கடந்து போகவேண்டியிருக்கிறது.

கற்பனை அணி விளையாட்டு அமெரிக்காவின் கால்பந்தோடு சேர்ந்து வளர்ந்தது. 1962ஆம் ஆண்டில் ஓக்லண்டு நகரத்து நண்பர்கள் சிலர் தங்களுக்குள் தொடங்கியது. ஒருவருக்கு ஓர் அணி. ஒரு பருவம் முழுவதும் அதே அணி. எத்தனை அணிகள் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஃபேன்டூயல் 2009இலும், டிராஃப்ட்கிங்ஸ் 2012இலும் வந்தபின், பருவம் ஒரு நாளாகச் சுருங்கியது. ஓர் அணி நூற்றுக்கணக்கில் பெருகியது. கணினி நிரல்களின் துணையோடு அணிகளைக் குவியல் குவியலாக இறக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தோன்றினார்கள். 2015ஆம் ஆண்டு பேஸ்பால் பருவத்தின் முதற்பாதியை ஆராய்ந்தவர்கள், ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த இலாபத்தில் நூற்றுக்கு 91 பங்கை வெறும் 1.3 விழுக்காட்டினரே எடுத்துக்கொண்டதாகக் கண்டார்கள். இதன்மேல் எழுந்த கூச்சலுக்குப் பின்னர்தான், பெரும்போட்டிகளில் ஒருவருக்கு 150 அணிகளே என்ற உச்சவரம்பு வந்தது. நூற்றைம்பதும் ஒரு கட்டுப்பாடாம்!

ஆகவே அணிகளைப் பெருக்குவது யாருக்குப் பயன்படும் என்றால், ஏற்கெனவே மற்றவர்களைவிடக் கூடுதல் திறனும் கருவியும் உள்ளவனுக்கு. அவனுக்குப் பெருக்கம் இலாபத்தைப் பெருக்கும். மற்றவர்களுக்கு அது இழப்பைப் பெருக்கும். குளத்தங்கரையில் அமர்ந்து அரைமணி நேரத்தில் இருபது அணிகளை அவசரமாகத் தட்டுகிறவன், இவ்விருவருள் யார் என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. தாளை அவனே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தாளில் எழுதாத ஒன்றையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். இருபது அணிகள் போடுகிறவன் ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் எதையாவது ஜெயிக்கிறான். 980 கட்டியவனுக்கு 300 திரும்பி வரும்போது, 'வாழ்த்துகள், வென்றீர்கள்' என்றே திரை மின்னும். அறுநூற்று எண்பது ரூபாய் போனதை அது சொல்லாது. இருபதில் ஏதாவது ஓர் அணி, 'இன்னும் ஒரு விக்கெட் விழுந்திருந்தால்' என்னும் நிலையில் நின்றிருக்கும். ஓர் அணி போட்டவன் தோற்றால் தோற்றேன் என்று உறங்கப் போவான். இருபது போட்டவன், நூலிழையில் தவறிய அந்த ஒன்றை நினைத்துக்கொண்டு விழித்திருப்பான். என் மட்டில், பணத்தைவிட இந்த விழிப்பே பெரிய சேதம். அந்த வாலிபனின் தாயார் என்னிடம் முறையிட்டதும் பணத்தைப் பற்றியல்ல. மகளிர் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த தவணை இருமுறை காணாமற்போனது அப்போது அவருக்குத் தெரியாது. "ராத்திரி பூரா போன வச்சுக்கிட்டே உக்காந்திருக்கான் ஐயரே, பேசுனா எரிஞ்சு விழுறான்" என்றுதான் சொன்னார்.

இது சூதாட்டமா, திறமையா என்ற வழக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. 1996ஆம் ஆண்டில், சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழியிலேயே 2017இல் பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றம் டிரீம்11 நடத்திய விளையாட்டையும் திறமை விளையாட்டு என்றது. நம் மாநிலத்தில் 2003இல் லாட்டரிச் சீட்டு ஒழிக்கப்பட்டது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கட்டுச் சீட்டு வாங்கினால் அதிர்ஷ்டம் எங்கே போய்விடும் என்று பேசிக்கொண்டவர்களையும் நினைவிருக்கும். இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் இருந்தன. கற்பனை அணி விளையாட்டு இல்லை. தோனி விளம்பரத்தில் வந்து அழைத்த விளையாட்டை, நம் பிள்ளைகள் சீட்டாட்டத்தோடு சேர்த்து எண்ணாததில் வியப்பில்லை.

பின்பு 2025 ஆகஸ்டு மாதத்தில் எல்லாம் மளமளவென்று நடந்தன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் தடைசெய்யும் மசோதா 20ஆம் தேதி மக்களவையிலும் 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நடத்துகிறவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த டிரீம்11, பணப்போட்டிகளை நிறுத்திக்கொண்டது.

'அப்படியானால் கேள்வி முடிந்ததே, இப்போது எதற்கு எழுதுகிறீர்?' என்று நீங்கள் கேட்கலாம். முடியவில்லை. கதவு அடைபட்டபின் சந்துகள் திறந்துகொண்டன. வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளின் இணைப்புகளும், டெலிகிராமில் 'உறுதியான அணி' விற்போரும் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அங்கே பணம் கட்டி ஏமாந்தால் முறையிடவும் இடமில்லை. அதே வாலிபன் சில வாரங்களுக்கு முன் வந்து, அப்படி வந்த செய்தியொன்றைக் காட்டினான். இம்முறை அவன் எத்தனை அணி என்று கேட்கவில்லை, "இதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் போட்டுப் பாக்கவா ஐயா?" என்றான். இருபதிலிருந்து ஒன்றுக்கு வந்தது வளர்ச்சியே. ஆயினும் அந்த ஒன்றுக்கும் இப்போது விலை வேறு என்பதை இருவரும் பேசினோம்.

எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் கிதியோன் நினைவுக்கு வருகிறான். முப்பத்திரண்டாயிரம் பேரோடு புறப்பட்டவன்; ஜனம் மிகுதி என்று கர்த்தர் சொல்ல, பதினாயிரமாகி, கடைசியில் முந்நூறு பேரோடு நின்றான். அப்போஸ்தலர்கள் யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்துகொண்டதையும் நினைக்கிறேன். முதலில் இருவரை நிறுத்தினார்கள், ஜெபித்தார்கள், பின்பு சீட்டுப் போட்டார்கள். மத்தியாவின் பேருக்கு விழுந்தது. மனதுக்குப் பிடித்த விடை வரும்வரை மறுபடி மறுபடி போட்டதாக வேதம் சொல்லவில்லை. முடிவைக் கர்த்தரிடம் விட்டவர்களுக்கு ஒருமுறை போதுமானதாக இருந்தது. எந்த முடிவையும் விடமுடியாதவனுக்கோ இருபதும் போதாது.

நம் மலையின்மேல் கற்படுக்கைகளில் தங்கியிருந்த சமணத் துறவிகளின் நெறியிலும் இதற்கு அண்மையான ஒன்று உண்டு. இல்லறத்தார் தாம் வைத்துக்கொள்ளும் பொருளுக்கு ஓர் எல்லையை முன்கூட்டியே எண்ணிக் குறித்துக்கொள்வது அவர்களுடைய விரதங்களில் ஒன்று. செட்டிப்புடவுக்கு நடைப்பயிற்சியாக ஏறுகிறவர்கள் இதை ஒருகணம் நினைக்கலாம். மாற்றுச் சமயத்தாரின் நல்ல வழக்கத்தைப் போற்றுவதால் நம் விசுவாசம் குறைந்துவிடாது.

இன்னும் ஒரு செய்தி. அந்தத் தாயாருக்கு இப்போது எல்லாம் தெரியும், மகனே சொல்லிவிட்டான். குழுவுக்குரிய தவணையை அவன் வாரக்கூலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டிவருகிறான். இன்னும் நான்கு தவணைகள் இருக்கின்றன. அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு மறைந்திருக்குமானால், செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் போதகர் இல்லத்தில் இருப்பேன். தனியாக வாருங்கள், அல்லது பிள்ளையோடு வாருங்கள். யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் பேச எளிதாயிருக்கும். வட்டிக்கு வாங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். என்னிடம் பேசத் தயங்குகிறவர்கள், மனநல ஆலோசனைக்கு அரசு நடத்தும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள்.