மேசை மாறிய ஏப்ரல்



இந்த இரண்டு மாதத்துக்குள் ஒரே கேள்வி எங்கள் இன்பொக்ஸுக்குப் பதினொரு தடவை வந்துவிட்டது. "டீச்சர், ஜப்பான்ல ஸ்கூல்ல இங்கிலிஷ் அசிஸ்டன்ட் வேலை இருக்காமே, நீங்களும் செஞ்சீங்களாமே, போகலாமா?" ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். ஆகவே ஒரேயடியாக இங்கே எழுதுகிறோம். நீளம்தான். அவசரக்காரர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

வகுப்பில் நின்றது இதை எழுதுகிறவள் மட்டும்தான். ஆனாலும் "நாங்கள்" என்றுதான் எழுத வருகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மிருகங்களின் படம் கத்தரித்து அட்டையில் ஒட்டியது இவரும்தான். அந்த ஏப்ரலில் நித்திரை போனதும் இரண்டு பேருக்கும்தான்.

2022 எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை. இவருக்கு ஜப்பானில் கலாநிதிப் படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்ற சுற்றறிக்கையும் அந்த வருடம்தான் வந்தது. வலயக் கல்விப் பணிமனைக்கு நடையாய் நடந்து கடிதம் எடுத்துக்கொண்டு, அந்த ஒக்டோபரில் நாங்களும் போய்ச் சேர்ந்தோம். நகோயாவிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத் தள்ளிய சிறிய நகரம். படிக்க வந்தவரின் மனைவியாகப் போனால் விசா அவரோடு ஒட்டியது. தனியாக அனுமதி எடுத்தால் வாரத்துக்கு 28 மணித்தியாலம் வேலை செய்யலாம். நகரத்தின் கல்விச் சபை ஆள் தேடியது. 2023 ஏப்ரலில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஆங்கில உதவி ஆசிரியராகச் சேர்ந்தோம்.

அங்கே தரம் 3, 4 பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 35 பாடவேளை ஆங்கிலம், விளையாட்டும் பாட்டுமாக. தரம் 5, 6 க்கு 2020 இலிருந்து அது புள்ளி போடுகிற பாடமாகிவிட்டது, 70 பாடவேளை. வகுப்பாசிரியர்தான் பாடத்துக்குப் பொறுப்பு. உதவியாளர் பக்கத்தில் நின்று சொல்லிக்காட்ட வேண்டும், விளையாட்டு நடத்த வேண்டும். தனியாக வகுப்பை எடுக்க முடியாது, புள்ளி போட முடியாது. கலாசாலையில் பயிற்சி முடித்து எட்டு வருடம் சோக்கும் கையுமாக நின்றவர்களுக்கு இது முதலில் நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. "அப்பிள்" என்று இருபது தடவை சொல்லிவிட்டு ஓரமாக நிற்கவா எட்டு வருட அனுபவம் என்று இவரிடம் அழுதிருக்கிறோம். பிறகு பழகிவிட்டது. அந்த ஊரில் இன்றைக்கும் சில பிள்ளைகள் 'வெரி குட்' என்பதை நம்ம ஊர் மாதிரிச் சொல்வார்கள், அதில் ஒரு சந்தோஷம்.

முதல் வருடம் எல்லாம் நல்லபடியாக அமைந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆசிரியர் அறையில் தரம் 5 ஆசிரியர்களின் மேசை வரிசையிலேயே எங்களுக்கும் ஒரு மேசை. அங்கே எல்லா ஆசிரியர்களும் ஒரே மண்டபத்தில் முகத்துக்கு முகம் பார்த்து இருப்பார்கள், முன்னால் பிரதி அதிபர். பக்கத்து மேசையில் இருப்பவர் பேப்பர் திருத்திக்கொண்டே, "நாளைக்கு இந்த விளையாட்டைக் கொஞ்சம் சுருக்குவோமா?" என்பார். முழுப் பாட ஆயத்தமும் அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

பகல் சாப்பாடு பாடசாலையே கொடுக்கும். வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகளே பரிமாறுவார்கள், ஆசிரியரும் வகுப்பிலேயே அவர்களோடு இருந்து சாப்பிட வேண்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக என்னென்ன சேர்த்துச் சமைக்கிறார்கள் என்று மாதாமாதம் ஒரு பட்டியல் தயாரிப்பார்கள். அதில் எங்களுக்கும் ஒரு பிரதி தந்து, பன்றி இறைச்சி வருகிற இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டுத் தந்தார் போஷாக்கு ஆசிரியை. கடைசியில் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தோம். ஆனால் அந்த வட்டங்களை மறக்கவில்லை.

தொழுகைக்கு இடம் தந்தது பிரதி அதிபர். நூலகத்துக்குப் பக்கத்தில் பழைய வரைபடங்களும் உடைந்த புரொஜெக்டரும் போட்டிருந்த சின்ன அறை. நாங்கள் கேட்டு இரண்டு நாள் கழித்துப் போனால், அவரே கூட்டித் துடைத்து, கதவில் ஒரு பலகையும் தொங்கவிட்டிருந்தார். ஒரு பக்கம் "பாவனையில்", மறுபக்கம் வெறுமை. குளிர்காலத்தில் அங்கே நண்பகல் பன்னிரண்டை ஒட்டி லுஹர், இரண்டரைக்குள் அஸர், ஐந்து மணிக்கு முன் மஃரிப். வேலை முடிந்து வீட்டில் பார்ப்போம் என்ற கதை சரிவராது. வுழூச் செய்யக் கால் கழுவுகிற இடம்தான் பெரும்பாடு. கைகழுவுகிற தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்த கோலத்தில் இசை ஆசிரியை கண்டுவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை, துவாய் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார்.

இதில் எதுவும் கடதாசியில் இருக்கவில்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஜப்பானில் பாடசாலை வருடம் ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கும். மார்ச் கடைசியில் இடமாற்றப் பட்டியல் பத்திரிகையிலேயே வரும். இங்கே என்றால் இடமாற்றம் வந்த அன்றே மேன்முறையீடு, மருத்துவ அறிக்கை, எம்.பி.யின் கடிதம். அங்கே நாங்கள் கண்டது, பிள்ளைகளின் முன் மேடையில் வரிசையாக நின்று விடைபெற்று, அடுத்த நாள் மேசையை வெறுமையாக்கிவிட்டுப் போவதைத்தான். 2024 இல் அதிபர் போனார், பிரதி அதிபர் போனார், பக்கத்து மேசை தரம் 5 ஆசிரியரும் போனார். மூன்று பேரும் ஒரே நாளில்.

அத்தோடு நிற்கவில்லை. உதவி ஆசிரியர்களை இனி நகரம் நேரே வேலைக்கு வைக்காது, ஒரு கொம்பனிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டோம், விருப்பமானவர்கள் அங்கே பதியலாம் என்று மாசியிலேயே கடிதம் வந்திருந்தது. அதே பாடசாலை, அதே பிள்ளைகள், முதலாளி மட்டும் வேறு. கோடை விடுமுறை வரும் ஓகஸ்ட் மாதச் சம்பளம் பாதி. அது போகட்டும். வேலையையே மாற்றிப்போட்டது இன்னொரு விஷயம்.

அங்கே உதவி ஆசிரியர் வருகிற வழிகள் பல. 1987 இல் தொடங்கிய ஜெட் என்ற அரச திட்டம் ஒன்று. நகரமே நேரடியாக எடுப்பது இன்னொன்று. கொம்பனி ஆளை அனுப்பி, பாடசாலை வேலை வாங்குவது மற்றொன்று. நான்காவது, வேலையையே மொத்தமாகக் கொம்பனிக்குக் கொடுத்துவிடுவது. இந்த நான்காவதில் உதவியாளருக்கு உத்தரவு கொடுக்க வேண்டியது கொம்பனிதான். பக்கத்தில் நிற்கிற வகுப்பாசிரியர் "இதைச் செய்யுங்கள்" என்று நேரே பணித்தால் சட்டப்படி பிழை. பணிக்கிற மாதிரி இருந்தால் அது வேறு வகை ஒப்பந்தமாகிவிடும். ஒரு வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து படிப்பிக்க வேண்டும், ஆனால் ஒருவர் மற்றவரிடம் வேலை சொல்லக்கூடாது! எங்களுக்கு விழுந்தது இந்த நான்காவது.

ஏப்ரலில் போய்ப் பார்த்தால் எங்கள் மேசை போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில், கதவோரம். நாங்கள் இனி அந்தப் பாடசாலையின் ஆள் இல்லை என்பதால் ஆசிரியர்களின் வரிசையில் வைக்க முடியாதாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்தக் கதிரையில் இருந்தபோது சுரீர் என்று ஒரு ஞாபகம். ஊரில் எங்கள் பாடசாலைக்கு இணைப்புச் செய்திருந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் தங்கச்சி ஒருவர். பட்டதாரி. நாங்கள் லீவு போட்டால் எங்கள் வகுப்பைப் பார்த்தவர். ஓய்வறையில் அவருக்குக் கதிரையே இல்லை, பிள்ளைகளின் வாங்கில்தான் இருப்பார். இரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்திருக்கிறோம்.

தொழுத அறையும் போய்விட்டது. வகுப்புக்குள் வர முடியாமல் தவிக்கிற பிள்ளைகள் இப்போது அங்கே பாடசாலைகளில் கூடிக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் முடங்காமல் அந்தப் பிள்ளைகள் வந்து இருக்க ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்று எங்கள் பாடசாலையிலும் முடிவாயிற்று. ஒதுக்கியது அந்த அறையைத்தான். புதிய பாய், இரண்டு மேசை, ஒரு மீன்தொட்டி. இதற்கு என்ன வாதாடுவது? புதிய பிரதி அதிபரிடம் வேறு இடம் கேட்டோம். கொம்பனி வழியாகக் கேளுங்கள் என்றார். கொம்பனியில் கேட்டோம். இடம் பாடசாலையின் விஷயம் என்றார்கள். மூன்று வாரம் இப்படியே பந்து அங்கும் இங்கும் போனது. அதுவரை பெண் ஆசிரியைகள் உடை மாற்றுகிற அறையில், அலுமாரிகளுக்கு நடுவில், யாரும் வந்துவிடுவார்களோ என்ற பயத்தோடு முஸல்லாவை விரித்தோம். "விட்டுவிடுவோமா?" என்று இவர் கேட்டார். வாடகையை நினைத்து விடவில்லை.

வழி பிறந்தது போட்டோகொப்பி மெஷினில். தரம் 5 க்கு வந்த புதிய ஆசிரியர் ஐம்பதைத் தாண்டியவர், சட்டத்துக்குப் பயந்தவர். எங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார். ஒருநாள் கொப்பி எடுத்துக்கொண்டே மெஷினைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு விலைகேட்கிற பாடம். கடைக்காரராக யாராவது நின்றால் எவ்வளவு நல்லது." முதலில் விளங்கவில்லை. மறுநாள் கடைக்காரராக நின்றோம். அன்றிலிருந்து அவர் மெஷினோடு பேசுவார், நாங்கள் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லுவோம். வேலை சொன்னதாக யாரும் எழுத முடியாது.

ஜூன் மாதம் மெஷினிடம் இன்னொன்று சொன்னார். அந்த அறையில் இருக்கிற ஒரு பிள்ளை போன வருடம் ஆங்கிலத்துக்கு மட்டும் கை உயர்த்துமாம். எங்களுக்கும் தெரியும் அந்தப் பிள்ளையை, ஒரு கூட்டத்துக்கு முன்னால் பேசவே பேசாது. மூன்றாம் பாடம் எங்களுக்கு வெறுமை. போனோம். அறைக்குப் பொறுப்பான அக்கா ஒருவர் இருந்தார். மீன்களுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தோம், அவ்வளவுதான் பாடம். இரண்டு மூன்று வாரம் இப்படியே போனது. பன்னிரண்டே கால் ஆனதும் அந்த அக்காவும் பிள்ளையும் சாப்பாடு எடுக்கக் கீழே போவார்கள், பத்து நிமிடம் அறை காலியாக இருக்கும். ஒருநாள் அந்தப் பிள்ளை கதவருகே நின்று, "சென்செய், போன வருடம் இங்கேதானே அதைச் செய்தீங்க?" என்றது. போகும்போது பலகையைப் "பாவனையில்" பக்கம் திருப்பிவிட்டுப் போனது. அது ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் கவனிக்கவில்லை. அனுமதி என்று யாரும் தரவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. மார்ச் வரை அங்கேதான் லுஹர்.

2025 மார்ச்சில் ஒப்பந்தம் ஏலத்துக்குப் போய், வேறொரு கொம்பனி எடுத்தது. அவர்களுக்கு முழுநேர ஆட்கள்தான் வேண்டுமாம், 28 மணித்தியாலக்காரர்கள் வேண்டாமாம். விடைபெறுகிற மேடையில் எங்கள் பெயர் இருக்கவில்லை, பாடசாலையின் ஆள் இல்லையே. கடைசி நாள் அந்தப் பிள்ளை, அடுத்து வருகிறவருக்கும் இந்தப் பலகை தேவைப்படுமா என்று கேட்டது. தெரியாது என்றோம். மேசையின் இலாச்சியைத் துடைத்துவிட்டு வெளியே வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவரைக் காணவில்லை.

இனி கேட்டவர்களுக்கு. போகலாம். நல்ல பிள்ளைகள், நல்ல ஊர். ஆனால் கையெழுத்து வைக்க முன் இவற்றைக் கேளுங்கள்: சம்பளம் தருவது நகரமா கொம்பனியா? ஆளை அனுப்புகிற ஒப்பந்தமா, வேலையை மொத்தமாக எடுத்த ஒப்பந்தமா? ஓகஸ்ட் சம்பளம் முழுதா? ஒப்பந்தம் மார்ச்சில் முடியுமென்றால் புதுப்பிப்பதைப் பற்றி எந்த மாதத்தில் சொல்வார்கள்? சாப்பாடு, தொழுகை விஷயத்தை வாயால் பேசி விட்டுவிடாமல் அதிபரிடம் ஒரு துண்டிலாவது எழுதி வாங்குங்கள், அடுத்த ஏப்ரலில் வருகிறவருக்குக் காட்ட உதவும். கால் கழுவச் சின்னப் போத்தல் ஒன்று கொண்டு போங்கள்.

மேலதிகமாகக் கேட்க வேண்டுமென்றால் இஷாவுக்குப் பிறகு எடுங்கள். தவணைப் பரீட்சைப் பேப்பர் கட்டு மேசையில் இருக்கிறது, பகலில் பதில் வராது.