உடைவதிலும் ஓர் அறம்

உடையாதிருப்பது ஒரு பொருளுக்குச் சிறப்பு. உடையும்போதும் பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பது அதனினும் பெருஞ்சிறப்பு. காஞ்சிபுரத்துப் பட்டறை ஒன்றில் நான் கற்ற பாடம் இது.

எங்கள் பழைய அம்பாசடர் காரின் பின்கண்ணாடி, சாலையில் தெறித்த கல்லொன்றால் நொறுங்கிற்று. பின்னிருக்கையில் உறங்கிய என் மகள்மீது கற்கண்டு போல் துகள்கள் கொட்டின. ஆயினும் அவள் மேனியில் ஒரு கீறலும் இல்லை.

காரணத்தை மெக்கானிக்கே விளக்கினார். பின்கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வீசி விரைந்து குளிர்விக்கின்றனர். அவ்வாறு பதப்பட்ட கண்ணாடி, கூரிய சில்லுகளாகப் பிளவாமல் சிறு மணிகளாக உதிரும். முன்கண்ணாடியோ இரு தகடுகளுக்கிடையே நெகிழித் தாள் வைத்து ஒட்டப்படுவது, விரிசலுற்றாலும் உதிராது.

புதிய கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங்கைப் பொருத்தி, அதன் பள்ளத்தில் கயிறொன்றைச் செருகினார். "தம்பி, வெளியிலிருந்து மெதுவா அழுத்து" என்று துணையாளிடம் கூறிவிட்டு, உள்ளிருந்து கயிற்றை இழுத்தார். ரப்பரின் விளிம்பு சட்டத்தின்மீது ஏறி அமர்ந்தது. சேலையின் கரையையும் உடலையும் இணைக்கக் கோர்வைத் தறியில் இருவர் அமரும் ஊரல்லவா இது! ஒருவர் அவசரப்பட்டாலும் இணைப்புக் கெடும்.

மாணவ நண்பர்களே! மனம் நொறுங்கும் வேளைகள் எவர்க்கும் வரும். அப்போது நம் சொற்கள் கூரிய சில்லுகளாகி அருகிலிருப்போரைக் கிழிக்கலாகாது. வெம்மையும் தண்மையும் பட்டுப் பதமுற்ற கண்ணாடிக்கு வாய்த்த அப்பண்பு, கல்வியால் பதமுறும் நமக்கும் வாய்க்கட்டும்.