சூளையை அணைக்காமல்

ஐ.ஆர்.சி.டி.சி. 2014-ல் புதிய தளத்துக்கு மாறியபோது, நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆனது. அதில் ஜெம்ஃபயர் என்ற கேஷுக்கும் பங்குண்டு. கேஷ் என்றால் பணமில்லை. அடிக்கடி கேட்கும் தகவலைப் பல கம்ப்யூட்டர்களின் மெமரியில் பிரித்து வைத்துக்கொள்வது. அஞ்சறைப்பெட்டி மாதிரி. கடுகு வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் மளிகைக் கடைக்கா ஓடுவீர்கள்?

சமையல் நடக்கும்போதே இந்தப் பெட்டியை மாற்றுவதுதான் ரோலிங் அப்கிரேடு. கேஷ் பல கன்டெய்னர்களில் ஓடும். குபர்னெட்டிஸ் என்ற மேய்ப்பன் ஒன்றை நிறுத்தி, புது வெர்ஷனில் எழுப்பி, அது 'ரெடி' என்றதும் அடுத்ததற்குப் போவான். ஒவ்வொரு தகவலும் இரண்டு கன்டெய்னரில் இருப்பதால் ஒன்று போனாலும் பயமில்லை.

ஒரு தீபாவளி விற்பனைக்கு முந்தின ராத்திரி இதைச் செய்தேன். முதல் கன்டெய்னர் எழுந்தவுடன் 'ரெடி' என்றது. தன் பங்குத் தகவலை இன்னும் வாங்கி முடிக்கவில்லை. அதற்குள் அடுத்தது அணைந்தது. அசலும் போச்சு, நகலும் போச்சு. "ஒரு மணி நேரம் பாத்துப் பாத்து கார்ட்ல போட்டதுங்க..." என்று போனில் ஒரு அம்மா. அந்த 'ரெடி' சோதனையை எழுதியவன் சாட்சாத் நான்தான்.

பண்டிகைக்கு விருத்தாசலம் போனேன். பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்த மாமாவிடம் புலம்பினேன்.

"டனல் சூளையில நெருப்பு அணையவே அணையாதுடா. சரக்கு வண்டிங்க ஒரு பக்கம் போயி மறுபக்கம் வரும். ஒரு வண்டி ரிப்பேர்னா, வெளிய வந்ததும் அத மட்டும் ஓரங்கட்டுவோம்."

"அதேதான் மாமா நானும் செஞ்சேன்!"

"அவசரப்பட்டு வண்டியத் தள்ளுனா வேகாத சரக்குதான் வரும். வெளிய வந்துட்டா வெந்துடுச்சுன்னு அர்த்தமா? தட்டிப் பாரு. ணங்குன்னா சரி. டப்புன்னா விரிசல்."

இப்போது என் சோதனை, 'எழுந்துவிட்டாயா?' என்று கேட்பதோடு நிற்பதில்லை. 'எல்லா நகலும் வந்து சேர்ந்ததா?' என்றும் கேட்கிறது.

பழைய வெர்ஷனும் புதுசும் பேசிக்கொள்ளவே முடியாது என்றால் இது உதவாது. இன்ஃபினிஸ்பான் போன்றவற்றில், பக்கத்திலேயே புது கிளஸ்டர் கட்டி, கேட்கக் கேட்கப் பழையதிலிருந்து எடுத்து வந்து, மிச்சத்தையும் மாற்றிவிட்டுப் பழையதை மூடுவார்கள். வாடகை வீடு மாறுகிற கதை.

மாமா கொடுத்த பீங்கான் ஃபியூஸ் கேரியர் ஒன்று என் மேஜையில் இருக்கிறது. அப்கிரேடு ராத்திரிகளில் ஒருமுறை தட்டிப் பார்ப்பேன்.

ணங்.